நூலகம் வளர்ப்பது கண்ணையா, கையையா?

நடுவர் அவர்களே, நம் மலையகத்து ஹட்டன் குளிரிலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உறவுகளே, வணக்கம். நூலகம் வளர்ப்பது படிக்கிற கண்ணையா, வெட்டி ஒட்டிச் சேர்க்கிற கையையா என்ற இந்தப் பட்டிமன்றத்தில் நான் கையின் பக்கம்.

எதிரணித் தங்கச்சி நன்றாகத்தான் பேசினார். நூலகத்துக்குப் போய் முத்திரையையும் சீட்டையும் ரசிக்கிறவர், கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் வாழைமரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் என்றார். கைதட்டலும் வாங்கினார். தங்கச்சி, நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வாழைமரத்தைப் பார்த்தேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து நூலகத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம். லயத்துக்கு, அதுதான் எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் முதலில் திறப்பது, நூலகத்தில் திகதி குத்துகிற திகதிச் சீட்டு ஒட்டிய பக்கத்தை. ஊதா மையில் வரிசையாகத் திகதிகள். ஒன்று தலைகீழாக, ஒன்று பாதி மட்டும். மை கூடினால் கசியும், அழுத்தம் குறைந்தால் பாதிதான் விழும் என்று அந்தச் சீட்டுத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. தேய்ந்த றப்பர் செருப்பில் பிளேடால் ‘படிப்பகம்’ என்று வெட்டி, மை தடவிக் குத்தினேன். ‘ப’ மட்டும் ஒழுங்காக விழுந்தது. ‘டி’யும் ‘க’வும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. திருப்பி வெட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இப்போது லினோ என்ற மெத்தான தகட்டில் புத்தகச் சீட்டு வெட்டுகிறேன், இது யாருடைய புத்தகம் என்று காட்ட உள்ளட்டையில் ஒட்டுகிற சீட்டு. ரோலரால் மை ஏற்றி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்ப்பேன். அந்த ஒரு விநாடிக்காகத்தான் அத்தனை பாடும்.

இது என் கிறுக்கு மட்டும் இல்லை. 1480 வாக்கில் ஜெர்மனியில் ஹில்டெப்ராண்ட் பிராண்டன்பர்க் என்பவர் ஒரு மடாலயத்துக்குப் புத்தகங்கள் கொடுத்தார். கேடயம் ஏந்திய தேவதையை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சீட்டு அவற்றில் ஒட்டியிருக்கிறது. தெரிந்தவரையில் மிகப் பழைய அச்சுப் புத்தகச் சீட்டுகளில் அதுவும் ஒன்று.

அப்புறம், சேகரிப்பது பைத்தியம் என்றார்கள். சரி. நம் தோட்டத் தொழிலாளர்களின் உரிமைக்காக மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் பாடிய பாட்டுகள் சின்னச் சின்னப் பிரசுரங்களாக அச்சாகி வந்தன. மெல்லிய தாள், தடித்த முதுகு கிடையாது, அலுமாரியில் நிற்காது. அந்த மாதிரித் தாளை யாராவது டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தால்தான் உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அங்கே சாம்பலான ஒரு பழைய நூல் இன்று வேண்டும் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள், தங்கச்சி? படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் வீட்டையா?

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா, முடித்துவிடுகிறேன். உங்கள் மேசையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். போன கிழமை வெட்டியது. லயத்துக் கூரை, அதற்கு மேலே ‘நூல்’. உளி வழுக்கி ‘நூ’வின் சுழி உடைந்துவிட்டது, மன்னிக்கவும். தங்கச்சிக்கும் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். எந்தப் புத்தகத்தில் ஒட்டுவது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.