வால்வு சாவி யார் இடுப்பில்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பாலாற்றங்கரைக் குடிநீரை அந்தந்த ஊராட்சியும் நகராட்சியும் நடத்துவதா, எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே நிர்வாகம் நடத்துவதா என்பது தலைப்பு. ஊரே நடத்தட்டும் என்பது எங்கள் அணி.

வேலூருக்கு ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறுதான் பாக்கி. அதைப் பிடித்துக்கொண்டு எதிரணித் தலைவர் கேட்டார்: "மேட்டூரிலிருந்து காவிரியை ஊராட்சித் தலைவரா கொண்டு வந்தார்?" இல்லை ஐயா. குடிநீர் வடிகால் வாரியம்தான் கொண்டு வந்தது. அந்தப் பெரிய குழாய் வாரியத்திடமே இருக்கட்டும், எங்களுக்கு வழக்கே இல்லை. எங்கள் வழக்கு ஊர் எல்லையில் அந்தத் தண்ணீர் வந்து விழுகிற தரைமட்டத் தொட்டியான சம்ப்பில் ஆரம்பிக்கிறது.

பெரிய குழாய் உடைந்தால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் விட்டக் குழாயில் ஒரு கிலோமீட்டருக்கு 7.85 லட்சம் லிட்டர் நிற்கும். உடைப்பைச் சரிசெய்ய முதலில் அதை வடிக்க வேண்டும். ஒட்டுப் போட்ட பிறகு மெதுவாகத்தான் நிரப்ப முடியும். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய காற்று ஏர் வால்வு வழியாக வெளியேற நேரம் கிடைக்காது, அழுத்தம் எகிறி இன்னொரு இடத்தில் வெடிக்கும். ஆக, மதியத்துக்குள் உடைப்பை அடைத்தாலும் கடைக்கோடி ஊருக்குத் தண்ணீர் மறுநாளோ அதற்கு மறுநாளோதான். அந்த இடைவெளியில் மக்கள் எதைக் குடிப்பது? உள்ளூர்க் கிணற்றைத்தான். அந்தக் கிணறு உயிரோடு இருக்கிறதா என்பதே இந்த மன்றத்தின் கேள்வி.

பாலாறு வறண்டது என்பவர்கள் மேலே பார்க்கிறார்கள், ஆறு மணலுக்குக் கீழே ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம், ஒரே ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் இருக்கிறதென்று வையுங்கள். ஐந்து லட்சம் கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீராக எடுக்கலாம் என்றால் 10 கோடி லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் பத்தாயிரம் பேருக்கு ஆறு மாதம் வரும். இதை அறிந்துதான் நம் முன்னோர் ஆற்று மணலைக் கீறி, ஊற்று நீரைக் கொண்டுவரும் ஊற்றுக்கால் வெட்டினார்கள், ஆண்டுதோறும் ஊர் கூடித் தூர்வாரினார்கள். அந்த மணலை லாரி லாரியாக அள்ளியபோது ஆற்றுக் கிணற்றுக்கு மணலுக்குள்ளிருந்து நீர் சேர்க்கும் பக்கவாட்டுக் குழாய்கள் வெளியே தெரிந்தன. தண்ணீர் தங்கும் இடமும் போச்சு, வடிகட்டியும் போச்சு. தன் தொட்டிக்குத் தண்ணீர் தரும் மணல் எது என்று தெரிந்த ஊர்தான் லாரியை மறிக்கும். "நமக்குத்தான் காவிரி வருதே" என்று சொல்லப் பழகிய ஊர் எதற்கு மறிக்கப் போகிறது?

கரண்ட் கணக்கும் பார்ப்போம். தூரத்துத் தண்ணீர் ஆயிரம் லிட்டரை 200 மீட்டர் உயரத்துக்குத் தள்ள, பம்ப் 70 சதவீதத் திறனில் ஓடினால், சுமார் 0.8 யூனிட் செலவு. ஆற்றங்கரைக் கிணற்றிலிருந்து 35 மீட்டர் ஏற்றி மேல்நிலைத் தொட்டியில் விட 0.2 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பில் யார் பெயரில் வந்தாலும் கட்டுவது நாம்தான்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதில் ஜோலார்பேட்டைக்காரரின் சம்மதம் எந்தத் தாளில் இருக்கிறது? சாவி தூரத்தில் இருந்தால் முடிவும் தூரத்திலேயே எடுக்கப்படும்.

எதிரணியின் வலுவான வாதத்தையும் மறைக்காமல் எடுத்து வைக்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. தோல் பதனிடும் கழிவால் கெட்ட கிணறுகளை எந்த ஊராட்சியாலும் குடிக்கத் தக்கதாக மாற்ற முடியாது. உண்மை. அங்கே குடிக்கவும் சமைக்கவும் காவிரிதான் வேண்டும். ஆனால் 1996-ல் அந்தக் கழிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் "மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்" என்ற தீர்ப்பை வாங்கிய வழக்கின் பெயர் என்ன? வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. எந்த வாரியமும் அல்ல, ஊர்க்காரர்கள் போட்டது!

உப்பு மட்டுமே சற்றுக் கூடிய கிணறுகளுக்குக் கலப்பு போதும். கரைந்த உப்பு லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரோடு, 300 உள்ள காவிரி நீரைப் பாதிக்குப் பாதி சேர்த்தால் 750. ஏற்கத்தக்க அளவு 500, வேறு வழியில்லாதபோது 2,000 வரை போகலாம். கிணறு கோடையில் உப்பேறும், மழைக்குப் பின் இறங்கும். அதற்கேற்ப வால்வை இத்தனை சுற்று என்று வாராவாரம் மாற்ற ஆள் பக்கத்தில் வேண்டும்.

கடைசியாக, குளோரின். நீண்ட குழாயில் வரும்போதே அது கரைந்து குறைந்துவிடும், ஆகவே ஊர்த் தொட்டியில் மறுபடி போட்டாக வேண்டும். 30,000 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர, 25 சதவீதச் சத்துள்ள பிளீச்சிங் பவுடர் 240 கிராம். அப்படியே கொட்டக்கூடாது, சுண்ணாம்பு அடியில் தங்கும். பக்கெட்டில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரித்து வைத்த மூட்டை ஈரம் பட்டுச் சத்து இழந்திருந்தால் 240 போதாது. அது அந்த மூட்டையைத் தினமும் தொடுகிறவருக்குத்தான் தெரியும்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அம்மையாருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஒருங்கிணைந்த நிர்வாகத்தில், நாளைக் காலை அந்தத் தொட்டியில் ஏறி அந்த 240 கிராமைக் கரைப்பவர் யார்? பதவிப் பெயர் வேண்டாம் அம்மா. அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள்.