யாருக்கு இந்த அட்டை?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வாழ்த்து அட்டை தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் புத்தகமும் எழுதுபொருளும் விற்கும் கடையில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். "தீபாவளி கார்டு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருவார்கள். அலமாரி நிறைய இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "யாருக்கு வாங்குறீங்க?" அதற்குப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவருக்கு இந்த வருடம் எப்படிப் போனது என்பதும் தெரிந்தால் மீதியும் முடிந்தது.

அது ஏன் தெரிய வேண்டும்? வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் அந்த வருடம் தீபாவளி கொண்டாடாத குடும்பங்கள் நம்மில் நிறைய. சீனக் குடும்பங்களிலும் துக்கம் நடந்த வருடத்தில் புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்வதைத் தவிர்ப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொன்னெழுத்தில் 'இல்லமெங்கும் மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று ஒரு அட்டை போய் விழுந்தால் எப்படி இருக்கும்? பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு மொத்தமாக அனுப்பும் இடங்களில் இது நடக்கத்தான் செய்கிறது.

அதற்காக ஒன்றுமே அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். கருமாதி முடியும்வரை வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும். அதற்கப்புறம்தான் தனிமை. பண்டிகை வரும்போது எல்லோரும் தயங்கி ஒதுங்கிவிடுவதால் தபால் பெட்டியும் காலியாகிவிடும். உள்ளே எதுவும் அச்சிடாத அட்டையாகப் பார்த்து எடுங்கள். மேலே ஒரு மரமோ கடலோ இருந்தால் போதும். "அக்கா, இந்தத் தீபாவளிக்கு அத்தான் ஞாபகமாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். இரண்டு வரிதான். அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தேவையில்லை. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை போய்விடுங்கள், அது முக்கியம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எப்படி வந்தது என்று தெரிந்தால் இன்னொரு விஷயம் புரியும். 1843இல் இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரையச் சொல்லி, வாழ்த்தையும் அச்சடித்து, தாம் அனுப்பியது போக மீதியை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். அதாவது எழுத நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழி இது. அதனால்தான் அச்சடித்த வரியின் கீழே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அந்த முதல் அட்டையில் குடும்பமே ஒயின் குடிக்கிற படம். சின்னப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுப்பதாக வரைந்திருந்தார்கள். மதுவை எதிர்த்தவர்கள் கண்டித்தார்கள். படம் பார்த்துப் போட வேண்டும் என்ற பாடம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நம் ஊரில் படம் பார்ப்பது இன்னும் கவனமான வேலை. பிள்ளையார், லட்சுமி படம் போட்ட அட்டையைப் பண்டிகை முடிந்ததும் குப்பையில் போட மனம் வராது. எத்தனையோ வீடுகளில் சாமி அலமாரியின் ஓரத்தில் பல வருடத்து அட்டைகள் அடுக்காகக் கிடக்கின்றன. பாட்டி, பெரியம்மா மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சாமி படம் அனுப்புங்கள், மகிழ்ந்துபோவார்கள். மற்றவர்களுக்குக் கோலமும் விளக்கும் போதும். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லும் தமிழ் முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களுக்கு நாமும் அவர்கள் பண்டிகைக்கு மறக்காமல் ஒன்று அனுப்ப வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சீன நண்பருக்கு என்றால் நிறத்தைப் பாருங்கள். நல்ல காரியத்துக்குச் சிவப்பு. வெள்ளையும் கறுப்பும் துக்கத்துக்கு உரியவை. ஆஸ்பத்திரியில் இருக்கும் சீன நண்பருக்கு வெள்ளைச் சாமந்திப் படம் போட்ட அட்டை அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அந்தப் பூ இறுதிச் சடங்குக்கு வைப்பது. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் துக்கத்துக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் வெள்ளை உறையில்தான் கொடுக்க வேண்டும். சிவப்பு உறை கூடவே கூடாது.

உடம்பு முடியாதவர்களுக்கு அட்டை வாங்க வந்தவர்கள்தான் கடையில் அதிக நேரம் நிற்பார்கள். காலில் அடிபட்டவருக்கு 'விரைவில் நலம் பெறுக' சரி. குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட ஒருவருக்கு அதே வரி எவ்வளவு கனக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கும் வெற்று அட்டைதான் நல்லது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஏதாவது ஒன்றை எழுதுங்கள்: ஜூரோங்கில் ஒரே பஸ்ஸுக்காக ஓடியது, ஒருவர் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தி பரிமாறியது. பதில் எழுத வேண்டும், தெம்பாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற பாரம் அவர் மேல் விழக்கூடாது. சில வார்டுகளில் பூ கொண்டுபோக விடமாட்டார்கள். கட்டிலோரத்தில் ஒரு அட்டை நிற்கலாம்.

அப்புறம், வயதானவர்களுக்கு வாங்குவது. தேசிய சேவைச் சீருடையோடு ஒரு தம்பி கடைக்கு வந்தார். பாட்டிக்குப் பிறந்தநாள். பளபளப்பான அட்டையாக எடுத்துப் பார்த்தார், உள்ளே இருந்த தமிழ்க் கவிதையைப் படிக்கத் திணறினார். "பாட்டிக்கு நீங்க எழுதினாப் பிடிக்குமா, இந்தக் கவிதை பிடிக்குமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வெற்று அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு கல்லாப் பக்கத்திலேயே நின்று எழுதினார். 'பாட்டி, சனிக்கிழமை வருவேன். மீன் குழம்பு வையுங்க.' ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் உயரம். கண் மங்கிய பாட்டிக்கு அந்த அளவுதான் சரி! விலைச்சீட்டை நான் உரித்துக் கொடுத்தேன். அதை உரிக்காமல் அனுப்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அச்சடித்த வரியை வாங்குவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வீர்களா? மாமனாருக்கு வாங்கும் அட்டையில் 'உன் வாழ்வில்' என்று இருந்தால் வைத்துவிடுங்கள். வயதைக் கேலி செய்யும் பிறந்தநாள் அட்டையை நெருங்கிய நண்பருக்கு மட்டும் கொடுங்கள், பெரியவர்களுக்கு வேண்டாம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகத் தமிழ் உடைந்து கிடக்கும் அட்டையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை. உள்பக்கத் தாளையும் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் பேனா பிடிக்காது, மை தேய்ந்து விரலில் ஒட்டும்.

தபாலில் அனுப்புகிறவர்கள் வீட்டு எண்ணை மறக்க வேண்டாம். 1995இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு அட்டையைச் சரியான புளோக்கில் கொண்டு சேர்க்கும். மாடியும் கதவு எண்ணும் நீங்கள் எழுதினால்தான் தெரியும். தமிழ்நாட்டுக்கு அனுப்புவதென்றால் பண்டிகைக்குப் பல வாரம் முன்பே போட்டுவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் தீபாவளிச் சந்தை போட்டதும் கூட்டம் ஏறுவதற்கு முன்னால், வாரநாள் மதியமாகப் பார்த்துப் போங்கள். நின்று, திறந்து படித்து எடுக்க இடம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.