சாமுவேல் எங்க படுத்துக் கெடந்தான்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம்ம சபை போதகர் ஐயர் பத்து நிமிஷம்னு சொல்லிருக்காங்க, ஆனா முன்னாடி பாயில உக்காந்திருக்க நம்ம வாண்டுங்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்காது, அதனால சண்டே ஸ்கூல் ஆண்டு விழான்னதும் வழக்கமா சொல்ற முன்னுரைய எல்லாம் விட்டுட்டு நேரா வந்துடுறேன்.

பைபிள்ல வர்ற சின்னப் பையன் சாமுவேல் கதை நம்ம பிள்ளைங்களுக்கு மனப்பாடம். கர்த்தர் கூப்பிட்டாரு, அவன் ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டாருன்னு அவர்கிட்ட ஓடுனான், அதெல்லாம் சரி, ஆனா அவன் எங்க படுத்திருந்தான்னு கேட்டா முழிப்போம். தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்துலயே படுத்திருந்தான். விடிஞ்சதும் மொத வேலையா ஆலயத்துக் கதவ தொறந்தான். கதவு தொறக்குற வேலைய ஒரு சின்னப் பையன் கையில குடுத்து வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும்.

எங்க ஊரு மெஞ்ஞானபுரம் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். மெஞ்ஞானபுரத்துப் பெரிய கோயில் கோபுரம் 192 அடி, அதப் பாத்து வாயப் பொளப்போம், ஆனா வீடு மாதிரி இருந்தது எங்க ஊரு ஓட்டுக் கோயில்தான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு பதினோரு மணிக்கே அம்மா சேலத் தலைப்ப போத்திக்கிட்டு தூங்கிருவோம், சிமெண்டுத் தரை ஜில்லுன்னு இருக்கும், பன்னெண்டு மணிக்கு மணி அடிக்கையில யாரோ ஒரு அத்தை தூக்கி நிறுத்துவாங்க, புது வருஷம்னு எல்லாரும் கை குடுப்பாங்க, நமக்கு கண்ணே தொறக்காது. அசனத்துக்கு, அதான் கோயில் விருந்துக்கு, இலை போடுறது எங்க வேலை. மணிக் கயித்த ஒரு தடவ இழுக்க விட்டா போதும், அண்ணாச்சி சொல்ற எந்த வேலையும் செய்வோம்.

இப்ப ஒரு கசப்பையும் சொல்லிடுறேன். வேற ஊர்ல ஒரு கோயிலுக்கு என் மகளோட போனேன், அவளுக்கு அப்ப மூணு வயசு. பாட்டுல ஆமென் வந்ததும் எல்லாரும் முடிச்சப்பறம் இவ மட்டும் தனியா ஒரு ஆமென் போட்டா. முன்வரிசைப் பெரியவர் திரும்பி ஒரு பார்வை. ஆராதனை முடியுற வரைக்கும் வெளிய செருப்புக் குவியல் பக்கத்துல நின்னோம். "நாம தப்பு பண்ணிட்டோமாம்மா?"ன்னு கேட்டா. என்னத்தச் சொல்ல?

ஆலயத்துல பிள்ளைங்க இயேசுவப் புகழ்ந்து ஓசன்னான்னு கத்துனப்ப கோவப்பட்டது பிரதான ஆசாரியரும் வேதபாரகரும்தான், இயேசு இல்ல, மத்தேயு 21ல இருக்கு. நாமளும் குருத்தோலை ஞாயிறு அன்னைக்கு மட்டும் கையில ஓலையக் குடுத்து கத்து கத்துன்னு சொல்லிட்டு, மத்த 51 வாரமும் உஷ்ஷு உஷ்ஷுன்னா அதுங்களுக்கு கொழப்பமா இருக்காதா.

சண்டே ஸ்கூல் இருக்கேன்னு சொல்லுவீங்க. 1780ல இங்கிலாந்துல குளோஸ்டர்ங்கிற ஊர்ல ராபர்ட் ரெய்க்ஸ் அத நடத்துனது, வாரம் பூரா குண்டூசி ஃபேக்டரி மாதிரி எடத்துல வேலை பாத்த பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை எழுத்துப் படிக்க ஒரு வழி வேணும்னுதான். பெரியவங்களுக்கு தொந்தரவு இல்லாம பின்னாடி ஷெட்ல அடைச்சு வைக்க இல்ல. நானும் டீச்சர்தான், எனக்கும் இதுல பங்கு உண்டு, ஒத்துக்கிறேன்.

அதான் போன வருஷம் ஐயர்கிட்ட கேட்டு முன்னாடி பாய் விரிச்சோம். மொத மாசம் ஒரே கூத்து, ஒருத்தன் தண்ணி பாட்டில உருட்டி விட்டு அது நேரா ஆல்டர் படி வரைக்கும் போச்சு. இப்ப காணிக்கைப் பை எடுக்குறது அவன்தான்.

போன மாசம் அறிவிப்பு நேரம், ஐயர் மைக்ல சத்தமா வாசிச்சுட்டு இருக்காங்க, பாயில ஒரு குட்டிப் பாப்பா நல்ல தூக்கம், அவ அண்ணன், ஏழு வயசு இருக்கும், எந்திரிச்சு நின்னு ஐயரப் பாத்து வாயில வெரல வச்சு "உஷ்ஷ்"ங்கறான். கோயிலே சிரிச்சிட்டு. ஐயரும் மைக்க தள்ளி வச்சிட்டு மெதுவான கொரல்ல மிச்சத்த வாசிச்சாங்க, அசன வரி பாக்கி லிஸ்ட் உட்பட.