11 நிமிடத்தில் உடைந்த மலை

வணக்கம். இருட்ட இன்னும் நேரம் இருக்கிறது. சூரியன் மறைந்து அரை மணி நேரம்தான் ஆகிறது, மேற்கே பாருங்கள், இன்னும் வெளுப்பு போகவில்லை. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 டிகிரி இறங்கினால்தான் வானம் முழுக் கறுப்பாகும். அதுவரை டிரைபாடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொசு அடிப்பதற்குப் பதில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஃபோனை எதிரே வைத்துவிட்டேன். வெளிச்சம் குறையக் குறைய என் முகம் தெரியாமல் போகும், குரல் மட்டும் கேட்கும். பரவாயில்லை, பார்க்க வேண்டியது என் முகம் இல்லை.

இன்றைக்கு விஷயம், இரவு வானத்தைப் பனோரமாவாக எடுப்பது, அதாவது பக்கம் பக்கமாகப் பல படம் எடுத்து ஒட்டி ஒரே அகலப் படமாக்குவது. முதலில் கெட்டுப்போன ஒரு படத்தைக் காட்டுகிறேன். என்னுடையதுதான். லேப்டாப்பைத் திருப்புகிறேன், இருங்கள்.

இப்படி முழுசாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? பால்வெளி வில் மாதிரி வளைந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகிறது. இப்போது கிழக்குப் பக்கத்து மலைமுகட்டை ஜூம் செய்கிறேன். இன்னும் கொஞ்சம். இதோ. மலைக்கு ரம்பப் பல் முளைத்திருக்கிறது பாருங்கள். ஒரு படமும் அடுத்த படமும் ஒட்டுகிற இடத்தில் முகடு ஒரு படி இறங்குகிறது, அடுத்த ஒட்டில் இன்னொரு படி. ஒவ்வொரு படியும் 16 பிக்சல். உட்கார்ந்து எண்ணினேன்.

பார்த்தவுடன் பேரலாக்ஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். பனோரமா எடுக்கிறவர்களுக்கு எது கெட்டாலும் பழி போட ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் பேரலாக்ஸ். அது என்னவென்று தெரியாதவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். பின்னால் இருக்கிற கதவின் மேல் விரல் நகர்கிற மாதிரித் தெரியும். கழுத்து ஒரு இடத்தில் சுழல்கிறது, கண் அதற்கு முன்னால் இருக்கிறது, அதனால்தான். கேமராவிலும் இதே கதைதான். டிரைபாட் திருகு கேமராவின் அடியில் இருக்கிறது. ஒளி நுழைகிற துளை லென்ஸுக்குள் எங்கோ முன்னால் இருக்கிறது. அந்தத் துளைக்குச் சரியான பெயர் என்ட்ரன்ஸ் பியூபில். நாம் எல்லோரும் நோடல் பாயிண்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயர் தப்பு, ஆனால் அந்தத் துளை சுழல்கிற அச்சுக்கு மேலே வரும்படி கேமராவைத் தள்ளி வைக்கிற ரெயில், நோடல் ரெயில் என்று தேடினால்தான் கிடைக்கும்.

வாங்கினேன். அருகில் ஒரு குச்சி, தூரத்தில் ஒரு குச்சி நட்டு, கேமராவைத் திருப்பும்போது முன்குச்சி பின்குச்சியை மறைத்தபடியே இருக்கும்வரை ரெயிலை முன்னும் பின்னும் தள்ளினேன். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. சரியான இடம் கிடைத்ததும் ரெயிலில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டேன். இதோ இந்தச் சிவப்புக் கோடு. அடுத்த அமாவாசைக்குப் போய் எடுத்தேன். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தால் அதே ரம்பப் பல்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த மலை நான் நின்ற இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லென்ஸ் சில சென்டிமீட்டர் நகர்ந்ததற்கு அது எப்படி அசையும்? படங்களின் நேரத்தைத் திறந்து பார்த்தேன். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் 11 நிமிடம் ஓடியிருந்தது.

பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம். மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி, அதாவது நிமிடத்துக்குக் கால் டிகிரி. 11 நிமிடத்தில் இரண்டே முக்கால் டிகிரி. முழு நிலவின் அகலம் அரை டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஐந்து நிலவை வரிசையாக அடுக்கிய தூரத்துக்கு மேல் வானம் நகர்ந்துவிட்டது. மலை நகரவில்லை. ஒட்டுகிற மென்பொருள் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. நட்சத்திரம் எல்லாம் அழகாகச் சேர்ந்துவிட்டது, மலை உடைந்துவிட்டது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை, நான் கொடுத்ததே ஒன்றுக்கொன்று ஒத்துவராத பத்துப் படங்கள்.

சரி, 11 நிமிடம் எங்கே போயிற்று? லென்ஸ் 20 மில்லிமீட்டர், ஃபுல் ஃப்ரேம் கேமரா. ஒவ்வொரு படமும் 30 வினாடி. அதற்கு மேல் கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ஆன் ஆகி இருந்தது. அது என்ன செய்யும் என்றால், ஒரு படம் எடுத்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு அதே 30 வினாடிக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, சென்சாரின் சூட்டால் வருகிற புள்ளிகளைக் கழிக்கும். ஒற்றைப் படத்துக்கு நல்லதுதான். பனோரமாவில் அது பாதி நேரத்தைத் தின்றுவிடும். பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம், திருப்புகிற நேரம் தனி. 11 நிமிடம் வந்துவிட்டதா?

முதல் வேலையாக அதை ஆஃப் செய்யுங்கள். வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இதை மட்டுமாவது செய்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது அந்த 30 வினாடி. 500 விதி எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 500-ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை வினாடி திறந்து வைக்கலாம் என்று வரும். 20 மில்லிமீட்டருக்கு 25 வினாடி. சென்சார் சிறியதாக இருந்தால், அது எத்தனை மடங்கு சிறியது என்கிற கிராப் ஃபேக்டரால் ஃபோகல் லெங்த்தை முதலில் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிக்சல் நெருக்கமாக இருக்கிற இன்றைய சென்சாருக்கு இந்த விதி ரொம்பத் தாராளம். என்பிஎஃப் என்று இன்னொரு விதி இருக்கிறது, சுருக்கமான வடிவம் இதுதான்: அப்பர்ச்சர் எண்ணை, அதாவது லென்ஸின் எஃப் எண்ணை, 35-ஆல் பெருக்குங்கள், பிக்சல் அகலத்தை மைக்ரானில் எடுத்து 30-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி ஃபோகல் லெங்த்தால் வகுங்கள். என் கேமரா 24 மெகாபிக்சல், பிக்சல் ஏறக்குறைய 6 மைக்ரான். எஃப் 2.8-இல் 98-உம் 180-உம் சேர்ந்து 278, அதை 20-ஆல் வகுத்தால் 14-க்குச் சற்றுக் குறைவு. டயலில் 13 வினாடி.

பாதிக்கும் குறைவான நேரம், படம் இருண்டுவிடாதா என்றால், வானத்தின் பின்னணி இருளும், நட்சத்திரம் அவ்வளவாக இருளாது. நட்சத்திரம் ஒரே பிக்சலில் உட்கார்ந்திருப்பதில்லை. என் லென்ஸில் ஒரு பிக்சலைக் கடக்க அதற்கு நான்கு வினாடிக்கு மேல் கொஞ்சம் ஆகும். 30 வினாடி திறந்து வைத்தால் ஏழு பிக்சலுக்குக் கோடு இழுக்கும். அந்த பிக்சலை விட்டுப் போனபின் நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு வினாடியும் நட்சத்திரத்தைக் கூட்டாது, கோட்டைத்தான் நீட்டும். துருவ நட்சத்திரத்துப் பக்கம் நகர்வு குறைவு என்பதால் அங்கே தப்பித்துவிடலாம், ஆனால் பனோரமாவில் எல்லாத் திசையும் வருமே. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுகிற ஐஎஸ்ஓவை 3200-இலிருந்து 6400-க்கு ஏற்றினேன், முடிந்தது.

ஒவ்வொரு திசைக்கும் நான்கு படம் எடுத்து அடுக்கினால், மணல் தூவிய மாதிரி வருகிற நாய்ஸ் பாதியாகும் என்று ஒரு வழி உண்டு. உண்மைதான், நேரம் நான்கு மடங்காகும் என்பதும் உண்மை. வானத்தோடு சேர்ந்து சுழல்கிற டிராக்கர் இருந்தால் அது வேறு விளையாட்டு. என்னிடம் இல்லை.

மூன்றாவது, ஓவர்லாப், ஒரு படமும் அடுத்த படமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற பகுதி. பயத்தில் 20 டிகிரிக்கு ஒரு படம் என்று எடுத்தேன். கேமராவைச் செங்குத்தாக வைத்தால் 20 மில்லிமீட்டர் லென்ஸ் அகலவாட்டில் 62 டிகிரி பார்க்கும். 20 டிகிரிக்கு ஒரு படம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு திரும்பத் திரும்ப ஒன்றையே எடுக்கிறேன். இப்போது 30 டிகிரி. ஏழே படத்தில் அதே அகலம் வந்துவிடுகிறது. 40 வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் லென்ஸை மேலே 30 டிகிரி தூக்கி வைத்துத்தான் எடுக்கிறேன், அப்படித் தூக்கும்போது தொடுவானத்துப் பக்கம் அகலம் 55 டிகிரிக்குச் சுருங்கிவிடும். ஓரத்தில் லென்ஸ் இருட்டடிக்கிறது, நட்சத்திரம் அங்கே பறவை இறக்கை மாதிரி விரிகிறது. அந்த ஓரங்களை வெட்டி எறியக் கையில் இடம் இருக்க வேண்டும். எனக்கு 30 சரியாக இருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஏழு படம், 13 வினாடி, திருப்ப ஐந்து வினாடி. மொத்தம் இரண்டு நிமிடம். வானம் அரை டிகிரிதான் நகர்ந்திருக்கும், ஒரு நிலவு. அடுத்தடுத்த படத்துக்கு இடையில் நான்கைந்து பிக்சல் விலகல், அதை மென்பொருள் பூசி மறைத்துவிடும்.

ஐந்து வினாடியில் இருட்டில் எப்படித் திருப்புவது? இங்கே வாருங்கள், ஃபோனைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். டிரைபாட் தலையின் சுற்றில் டிகிரி அளவு போட்டிருக்கிறது, ஆனால் அதைப் பார்க்க டார்ச் அடிக்க வேண்டும். சிவப்பு விளக்கானாலும் படம் ஓடும்போது அடித்தால் பக்கத்துப் பாறை சிவந்துவிடும். அதனால் 30 டிகிரிக்கு ஒன்றாகத் துணி டேப்பைச் சின்னச் சின்னதாக மடித்து ஒட்டியிருக்கிறேன். விரல் நுனியில் தட்டும். தட்டினதும் நிறுத்து, கையை எடு, இரண்டு வினாடி டைமர். முதல் தடவை பகலில் கண்ணை மூடிக்கொண்டு பழகினேன். வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மட்டம் பார்ப்பதில் ஒரு தப்பு எல்லோரும் செய்வோம். கேமராவின் மேல் குமிழியைப் பார்த்து மட்டம் வைத்தால் போதாது, சுழல்கிற தட்டு மட்டமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் படத்தில் நேராக இருக்கிற தொடுவானம் ஏழாவது படத்தில் சரிந்து நிற்கும்.

ஃபோகஸைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸில் போட்டிருக்கிற இன்ஃபினிட்டி குறியை நம்பாதீர்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில், கேமராவின் திரையில், பெரிதாக்கி, வளையத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே போங்கள். புள்ளி சிறுத்துக்கொண்டே வரும், சிறுத்து மறுபடி உப்பத் தொடங்கும். உப்பத் தொடங்கியதும் ஒரு மயிரிழை பின்னால். டேப் ஒட்டிவிடுங்கள். இந்த ஃபோகஸில் 20 மில்லிமீட்டர், எஃப் 2.8-க்கு, ஏறக்குறைய ஐந்து மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவாக வரும். அதற்குள் இருக்கிற புல், கல் எல்லாம் கலங்கும். நான் அந்த ஐந்து மீட்டருக்குள் எதுவும் வராத இடமாகப் பார்த்து டிரைபாடை வைத்துவிடுகிறேன். பேரலாக்ஸ் தொல்லையும் அதோடு பெரும்பாலும் தீர்ந்தது. ஆமாம், அந்த ரெயில். பகலில் கட்டடங்களுக்குள் எடுக்கும்போது உதவுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன்.

வானத்தை முடித்ததும் தரைக்கு ஒரு சுற்று. அதே டேப், அதே ஏழு இடம், லென்ஸ் மட்டும் கொஞ்சம் கீழே. இங்கே அவசரமே இல்லை, தரை எங்கும் போகாது. ஐஎஸ்ஓ 800, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். நாய்ஸ் ரிடக்ஷனை இதற்கு வேண்டுமானால் ஆன் செய்துகொள்ளலாம். ஒட்டும்போது இரண்டையும் தனித்தனியாக ஒட்டுகிறேன். ஹியூகின் என்கிற ஒட்டு மென்பொருள் இலவசம், எனக்கு அது போதும். வானத்தை ஒட்டும்போது மலைமேல் விழுந்த கன்ட்ரோல் பாயிண்டுகளை, அதாவது இரண்டு படத்தைப் பொருத்த மென்பொருள் பிடித்துக்கொள்கிற புள்ளிகளை, அழித்துவிடுங்கள், தரையை ஒட்டும்போது நட்சத்திரத்தின் மேல் விழுந்ததை அழித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் சண்டை போடும், நீங்கள் பார்த்த ரம்பப் பல் அந்தச் சண்டைதான். ஒட்டுவதற்கு முன் எல்லா ரா ஃபைலுக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ், அதாவது ஒரே நிறச் சாயல், நான் 4000 கெல்வின் வைக்கிறேன். ஓர இருட்டையும் முதலிலேயே சரிசெய்துவிட வேண்டும். மறந்தால் வானத்தில் திரைச்சீலை மடிப்பு மாதிரிப் பட்டை பட்டையாக வரும்.

தரையைத் தனியாக எடுத்துச் சேர்ப்பது ஏமாற்று இல்லையா என்பார்கள். அதே இடம், அதே இரவு, டிரைபாட் அசையவில்லை. என் மனசாட்சிக்கு அது போதும். எங்கேயோ எடுத்த பால்வெளியை வேறெங்கேயோ எடுத்த மலைமேல் ஒட்டுகிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

ஃபோனில் முடியுமா? சில ஃபோன்களில் நட்சத்திரத்துக்கென்றே ஒரு மோட் இருக்கிறது, ஒரு படத்துக்கு நான்கு நிமிடம் வரை எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்குக் கால் டிகிரி என்றேன், ஐந்து படத்துக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒற்றைப் படத்துக்கு அருமையாக வரும், பனோரமாவுக்கு ஆகாது.

ம், மேற்கே வெளுப்பு போய்விட்டது. இனி இந்த ஃபோனின் வெளிச்சமே எனக்கு எதிரி. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதையும் இப்போதுதான் தொடங்க வேண்டும்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. ஒரே இரவில் நாலைந்து பனோரமா எடுத்தால் எது எங்கே தொடங்கியது என்று மறுநாள் தலை சுற்றும், எல்லாமே கறுப்புப் படம். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் முன்னும் பின்னும் லென்ஸுக்கு நேரே கையை நீட்டி ஒரு படம் எடுத்துவிடுவேன். டார்ச்சை அந்த ஒரு படத்துக்கு மட்டும் அடிப்பேன். இதோ, கை. கிளிக் கேட்டதா? டார்ச்சையும் ஃபோனையும் அணைக்கிறேன்.