ஒரு குச்சி, நாலு பாடம்: நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன தடவை தீக்குச்சிக் கட்டு வெச்சு, கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு பாத்தோம்ல? அதுக்குக் கீழ நாலாம் வகுப்பு டீச்சர் ஒருத்தங்க கேட்டிருந்தாங்க: "சார், கணக்குக்குக் குச்சி, அறிவியலுக்குச் சோதனை, தமிழுக்கு அட்டைன்னு ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாச் செய்ய வெச்சா, நாப்பது நிமிஷ பீரியடு எப்படிப் பத்தும்?"

பத்தாதுதான். அதனால பாடத்துக்கு ஒரு வேலைன்னு வெக்காதீங்க. ஒரே வேலையை எல்லாப் பாடமும் பங்கு போட்டுக்கட்டும். வெயில்ல ஒரு குச்சியை நட்டு, அதோட நிழல் எப்படி மாறுதுன்னு பாக்கிற நிழல் குச்சியையே எடுத்துக்குவோம்.

அஞ்சு பிள்ளைக்கு ஒரு குச்சி. நீளம் 35 சென்டிமீட்டர். 5 மண்ணுக்குள்ள, 30 வெளியில. தென்னை ஈர்க்கு வேணாம், வளையும். சில பேர் தண்ணி பாட்டில்ல மணல் போட்டு அதுல நட்டு வெப்பாங்க. அதுவும் ஆகாது, உச்சி நேரத்துல குட்டி நிழல் பாட்டில் மேலேயே விழுந்துடும். நூல்ல கல்லைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கிற மாதிரி, ரெண்டு பக்கத்துலேருந்து பாருங்க. முன்னாடி நேரா தெரியிற குச்சி பக்கவாட்டுல சாஞ்சிருக்கும். 5 டிகிரி சாஞ்சாலே நுனி ரெண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் போகும். சூரியனை நிமிர்ந்து பாக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க.

9.40, 10.40, 11.40, 12.10, 12.40, 1.40, 2.40. ஒவ்வொரு தடவையும் மூணே நிமிஷம். நிழல் நுனியில ஒரு கூழாங்கல். காலை நிழலோட நுனி மங்கலா இருக்கும், ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டுவாங்க. அந்த மங்கலுக்கு நடுவுல வெக்கச் சொல்லுங்க. நாள் முழுக்க ஒரே பிள்ளை வெக்கட்டும்.

இங்கதான் நான் எப்பவும் சொல்றது. கணிப்பு முதல்ல, அளவு அப்புறம். அடுத்த கல் எங்க வரும்னு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை முன்னாடியே வெச்சுடணும். தீக்குச்சிக் கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி "எத்தனை மிஞ்சும்?"னு கேக்கச் சொன்னேனே, அதேதான். கொட்டை வெச்ச பிள்ளை தன் கொட்டை சரியா விழுந்துச்சான்னு பாக்க ஓடி வரும். வெக்காத பிள்ளை டீச்சர் கூப்பிட்டதுக்காக வரும்.

அளக்க ஸ்கேலைக் கொடுத்தா, 0-வை விட்டுட்டு 1-லேருந்து வெக்கிறவங்களும் இருக்காங்க, பிளாஸ்டிக் ஓரத்துலேருந்து வெக்கிறவங்களும் இருக்காங்க. அதனால முதல்ல ஸ்கேலே வேணாம். நிழல் நீளத்துக்குப் பழைய பேப்பரைப் பட்டையாக் கிழிச்சு, மேல நேரத்தை எழுதிடுங்க. சார்ட்ல அடிக்கோடு ஒண்ணு போட்டு, எல்லாப் பட்டையும் அந்தக் கோட்டுலேருந்து மேல நிக்கிற மாதிரி வரிசையா ஒட்டணும். கோடு போடலைன்னா பட்டை ஏறி இறங்கி, எது நீளம்னே தெரியாது. ஒட்டி முடிச்சா பட்டை வரைபடம் ரெடி. ஸ்கேலும் கழித்தலும் அதுக்கப்புறம்.

தமிழுக்கு மூணு வாக்கியம் போதும். பிள்ளைங்க எல்லாத்துக்கும் "பெருசாச்சு, சிறுசாச்சு"ன்னுதான் எழுதுவாங்க. நீண்டது, குறுகியது, சாய்ந்தது, விழுந்ததுன்னு கரும்பலகையில போட்டு, எது எங்க பொருந்தும்னு கேளுங்க. "பொழுது சாஞ்சிடுச்சு"ன்னு வீட்டுல ஏன் சொல்றாங்கன்னும் அப்படியே பேசிடலாம்.

டீச்சர் கேக்காத, ஆனா கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்னு தோணுற கேள்வி ஒண்ணு உண்டு. சார்ட் ஒட்டின பிறகு பிள்ளைங்ககிட்ட என்ன கேக்கிறது? "என்ன கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டா "நிழல் மாறும் சார்"னு கோரஸா வரும், அதோட முடிஞ்சது. "எந்த ரெண்டு பட்டை ஏறக்குறைய சமம்?"னு கேளுங்க. சென்னையில டிசம்பர் கடைசியில செஞ்சா 10.40-உம் 1.40-உம் கிட்டத்தட்ட சமமா நிக்கும். அதுக்கு நடு நேரம் எது? 12.10. அப்பதான் சூரியன் உச்சியில. பன்னெண்டு இல்லை! நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது, சென்னை அதுக்கு மேற்குல 80-ஐ ஒட்டி இருக்கு. மேற்கே போகப் போக, டிகிரிக்கு நாலு நிமிஷம் உச்சி தள்ளிப் போகும். கோயம்புத்தூர்ல இன்னும் தாமதம். வருஷம் பூரா இது முன்ன பின்ன ஆகும். பிப்ரவரி நடுவுல சென்னைக்கு உச்சி 12.23 வாக்குல.

"பன்னெண்டு மணிக்கு நிழல் காலடியில விழும்"னு சொல்லிக் கொடுக்கிறோம்ல, அதையும் சோதிச்சுடலாம். டிசம்பர் 21 உச்சியில இந்த 30 சென்டிமீட்டர் குச்சிக்கு, சென்னையில 22 சென்டிமீட்டர் நிழல், வடக்கே. ஜூன் 21 அன்னைக்கு அஞ்சரை, தெற்கே! நிழல் இல்லாம போறது வருஷத்துல ரெண்டே தடவை, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்குல. அதனால ஜூன் மாச சார்ட்டைக் கிழிச்சுப் போடாதீங்க, டிசம்பர் சார்ட் பக்கத்துல மாட்டணும்.

மேகம் வந்து 11.40 பட்டை விட்டுப் போச்சுன்னா? அந்த இடத்தைக் காலியா விட்டு, கீழ "மேகம்"னு எழுதச் சொல்லுங்க. குத்துமதிப்பா ஒண்ணைக் கிழிச்சு ஒட்ட விடாதீங்க.