தோள்பட்டை எங்கே போனது?

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் எலும்பியல் மருத்துவர் ஐயா அவர்களே, இவன் என்ன பேசித் தொலைக்கப் போகிறானோ என்ற கவலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள் பொறியாளர் நண்பரே, வரவேற்புரையில் என்னை ‘மூத்த ஓவியர்’ என்று சொல்லி என் வயதை ஊருக்கே நினைவுபடுத்திய சகோதரி அவர்களே, ஒலிபெருக்கியோடு மாலையிலிருந்து மல்லுக்கட்டும் தம்பி அவர்களே, கடைசி வரிசையில் என் மூக்கை வரைந்துகொண்டிருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளருக்குத் தனியாக ஒரு வணக்கம். கையில் பெயிண்டோடு வந்திருக்கிறேன், அதில் ஒட்டியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

உருவம் வரைய, கணினிக்குள் செய்யும் டிஜிட்டல் உடல்கள் எப்படி உதவும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. எலும்பு, ஒளி, அந்த உடல்களைப் பயன்படுத்தும் உரிமம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். பிரித்தபடியே பேசுவேனா என்பது வேறு விஷயம்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும். சுவரை வைத்துத்தான் சித்திரம். மற்றவர்களுக்கு அது உடம்பைப் பார்த்துக்கொள் என்கிற அறிவுரை. உருவம் வரைகிறவனுக்கோ அது அன்றாட வேலை. தோலுக்கு அடியில் எலும்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எவ்வளவு வண்ணம் பூசினாலும் ஆள் எழுந்து நிற்க மாட்டான். அந்தச் சுவரைத் தேடித்தான் ஓவியர் லியனார்டோ டா வின்சி பிணங்களை அறுத்தார். 1543-ல் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் அச்சிட்ட நூலில் எலும்புக்கூடுகளும் தோலுரித்த உடல்களும் இயற்கைக் காட்சிக்கு நடுவே உயிரோடு இருப்பதுபோல நிற்கும். ஓவியர்கள் அதைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். இன்று அந்தச் சுவர் கணினிக்குள் வந்துவிட்டது. 1995-ல் மனித உருவங்களைத் திரையில் நிற்கவைக்கும் போசர் என்ற மென்பொருள் வந்தது. இப்போது மேக்ஹ்யூமன், பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் எல்லாம் காசில்லாமலே கிடைக்கின்றன. வயது, பருமன், உயரம் என்று ஒவ்வொன்றையும் நகர்த்தி, வேண்டிய உடலைச் செய்துகொள்ளலாம்.

பொறியாளர் நண்பர் மனம் கோணக் கூடாது, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரையிலிருந்து கீழே பார்க்கும் கோணம், பார்ப்பவரை நோக்கி நீண்டு குறுகித் தெரியும் கை, அந்தரத்தில் குதிக்கும் உடல், இவற்றுக்கெல்லாம் டிஜிட்டல் உருவம் ஒரு வரம். நள்ளிரவிலும் சலிக்காமல் நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமரா அகலக் கோணத்தில் இருந்தால் முன்னால் இருக்கும் கை முகத்தைவிடப் பெரிதாகிவிடும். கேமராவைத் தள்ளி வைத்து, லென்ஸை நீளமாக்குங்கள். அதன் உயரம் உங்கள் ஓவியத்தின் கண்மட்டத்தோடு ஒத்துப்போகட்டும். ஒளிக்கு ஒரே ஒரு விளக்கு போதும். ஒளியைப் பற்றி அவ்வளவுதான், எலும்புக்குப் போகலாம்.

ஒரு கண்காட்சி. மேல் தட்டிலிருக்கும் பெட்டியை எட்டி எடுக்கும் ஒரு பெண்ணை, முதுகுப் பக்கமிருந்து ஒரு மாணவர் வரைந்திருந்தார். டிஜிட்டல் உருவத்தைப் பார்த்து வரைந்த படம். சேலை மடிப்பு, கூந்தல், வெளிச்சம் எல்லாம் அருமை. எல்லோரும் கைகொடுத்தோம். அப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து படத்தின் முன் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. நம் ஆளுக்கு ஒரே பூரிப்பு.

“தம்பி, இந்தப் பெண்ணுக்கு எப்போது அடிபட்டது?”

“அடி எதுவும் படலையே, மேடம்.”

“அப்படியானால் தோள் ஏன் இறுகிப்போய் இருக்கிறது? என்னிடம் வந்திருந்தால் முதல் வேலையாக இவருக்குப் பயிற்சி எழுதிக் கொடுத்திருப்பேன்.”

மாணவருக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த அம்மா விடவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மாணவியைக் கூப்பிட்டு, தன் முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைக்கச் சொன்னார். பிறகு கையை மெதுவாக மேலே தூக்கினார். “ஐயோ, நகருது!” என்று அந்தப் பெண் கத்தியதில் மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. கையை 180 பாகை தூக்கினால் தோள்மூட்டு தருவது சுமார் 120 பாகைதான். மீதி 60 பாகை அந்தத் தட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. கீழ்முனை அக்குள் பக்கமாக ஓடும், கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பும் கூடவே ஏறும். படத்திலோ தோள்பட்டை எலும்பு இருந்த இடத்திலேயே கிடந்தது. அப்புறம் என்ன, இருவர் இருவராக ஒருவர் முதுகில் ஒருவர் கைவைத்துச் சோதிக்க ஆரம்பித்தார்கள். காவலாளிகூட விசிலைப் பையில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். இதோ, இங்கேயும் தலைவர் தூக்குகிறார். தூக்குங்கள் ஐயா! மருத்துவர் ஐயா பக்கத்திலேயே இருக்கிறார், பயமில்லை.

அந்த மாணவர் வீட்டுக்குப் போய், மென்பொருளில் தோள்பட்டை எலும்பைத் தனியாகச் சுழற்றிப் பார்த்து, படத்தைத் திருத்தினார். கருவி மோசமில்லை. எதைச் சுழற்ற வேண்டும் என்று அதற்குத் தானாகத் தெரியாது, அவ்வளவுதான். முன்கையைத் திருப்பினால் நம் உடலில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் மேல் குறுக்காகப் புரளும். சாதாரண டிஜிட்டல் உருவத்திலோ மணிக்கட்டு மிட்டாய்த் தாளைப்போல முறுக்கிக்கொள்ளும். ஒரு காலில் பாரம் போட்டு நின்றால் இடுப்பின் மறுபக்கம் இறங்கும், தோள் எதிர்ப்பக்கம் சாயும். உருவத்துக்குப் பாரம் என்றால் என்னவென்றே தெரியாது. நாற்காலியில் உட்காரவைத்தால் தொடை அழுந்திப் பரவாது, பலகைக்குள்ளேயே புகுந்துவிடும்.

இதையெல்லாம் எங்கே கற்பது? உயிருள்ள மனிதரைப் பார்த்துத்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று மறுபடியும் சொல்கிறேன், இப்போது மாடலாக நிற்பவரின் உடம்பை நினைத்துச் சொல்கிறேன். டிஜிட்டல் வந்துவிட்டது, இனி மாடல் எதற்கு என்று பயிற்சி வகுப்புகளில் முதலில் வெட்டுவது அவர்களுடைய கூலியைத்தான். உடற்கூறு படிப்புக்குப் புகழ்பெற்ற விசிபிள் ஹியூமன் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1993-ல் அமெரிக்காவில் மரண தண்டனைக்கு உள்ளான ஒரு கைதி தானம் செய்த உடலை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்து, 1994-ல் வெளியிட்டார்கள். திரைக்குள் வந்த அந்த உடம்பும் ஒரு மனிதர் கொடுத்ததுதான்.

என் கோரிக்கை பெரிதல்ல. உருவ ஓவியம் கற்றுத்தரும் ஒவ்வொரு வகுப்பிலும் வாரம் ஒரு நாளாவது உயிருள்ள மாடல் இருக்க வேண்டும். உடையோடு இருந்தாலே போதும். வயதானவர், பருமனானவர், கைகால் குறைபாடு உள்ளவர் எல்லோரையும் அழைக்க வேண்டும். 20 நிமிடம் நின்றால் 5 நிமிடம் ஓய்வு. உடை மாற்றக் கதவுள்ள ஓர் அறை. வரைந்த படம் நன்றாக வந்ததா என்று பார்க்காமல், வந்த அன்றே கூலி.

உரிமத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பொறியாளர் நண்பர் அடுத்துப் பேசும்போது உரிமத்தைப் பார்த்துக்கொள்வார். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். பேனா இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, எல்லோர் பையிலும் பென்சில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.