மயிலிட்டியில் நின்று சொல்லும் ஓர் எல்லைக் கதை

வணக்கம் உறவுகளே. இன்று யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள மயிலிட்டித் துறைமுகத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் தெரிகிற பெரிய படகுகள் தமிழ்நாட்டிலிருந்து வந்து பிடிபட்ட றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள். பக்கத்திலே பாருங்கள், நம்மவர்களின் வள்ளங்கள். இரண்டின் அளவையும் பார்த்தாலே நான் எழுதிக்கொண்டிருக்கும் கதை எதைப் பற்றியது என்று புரிந்துவிடும்.

எல்லைக் கதை என்றதும் முள்வேலியும் காவலரணும் நினைவுக்கு வரும். நம் எல்லையில் அவை கிடையாது. 1974இல் இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் கடலில் ஓர் எல்லைக்கோட்டை ஒப்புக்கொண்டன. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. அக்கரையில் இருப்பவரும் நம் மொழிதான் பேசுகிறார். பெரிய நாடு, சிறிய நாடு என்ற வேறுபாடு இங்கே எஞ்சினின் குதிரைவலுவாக வந்து சேர்கிறது. றோலர் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போகையில், இரவில் நாம் விரித்த வலையையும் அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. 2017இல் இலங்கை அந்த இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. (நம் யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் இழுவைப் படகுகள் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.)

என் கதையில் வருபவர் இந்த ஊர்க்காரர். 1990இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது கைக்குழந்தையாகப் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவர். சோறும் பள்ளிக்கூடமும் தந்தது அந்தக் கரை. 2017இல் இந்தத் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு திரும்பி வந்து, கடன்பட்டு வலை வாங்குகிறார். அதே கரையிலிருந்து வந்த படகு அதை அறுத்துவிடுகிறது. அவருக்கு ஆத்திரம் பொங்குகிறது. ஆனால் வாயில் வருகிற வசவு அத்தனையும் மண்டபத்துப் பேச்சில்தான் வருகிறது.

முதல் வரைவில், அந்தப் படகில் இருந்தவன் அவருடைய பள்ளித்தோழன் என்று எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். அழவைப்பதற்காகச் செய்த பொய் அது. படகில் வருபவர் பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்; முதலாளி கரையில் இருக்க, சிறைக்குப் போவது அந்தக் கூலிக்காரர்தான். முகம் தெரியாதவராகவே அவரை விட்டுவிட்டேன்.

போன கிழமை ஓர் ஐயாவிடம் போய், அறுந்த வலை எப்படி இருக்கும் என்று கேட்டேன். எடுத்து வந்து என் மடியில் போட்டார். மேல்கயிறு இல்லை, மிதவைகள் இல்லை. வலைக்கண்கள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டு நீண்டு கிடந்தன. மிச்சத்தைக் கோழிக்கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். அந்தக் கூட்டை அப்படியே கதைக்குள் கொண்டுவந்திருக்கிறேன்.

கடைசிக் காட்சி கச்சதீவு அந்தோனியார் திருவிழா. இரு கரையாரும் அங்கே வருகிறார்கள். குடிதண்ணீர் இல்லாத தீவு அது. அக்கரைக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்க, நம்மவர் தன் தண்ணீர்க் கானைச் சரித்து ஊற்றுகிறார். இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பார். பேச்சைக் கேட்டதுமே அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் நம்ம மண்டபமா?" என்று கேட்கிறார்.

அதற்கு இவர் சொல்லும் பதிலை இன்னும் எழுதவில்லை. நாளை விடிய, வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம், மறுபடியும் அந்த ஐயாவிடம் போகிறேன்.